ஐந்தாம் பலகை பார்த்த திசை

2009-ஆம் ஆண்டு தை மாதம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. பழவேற்காடு ஏரியின் நடுவே, நாலு பக்கமும் வெள்ளையாக மூடிக்கொண்ட பனிக்குள், ஒரு படகில் உட்கார்ந்து என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் சொன்னதை நம்பித்தான் என் தோழி படகின் விளிம்பைத் தாண்டி ஒரு காலை வெளியே போட்டாள்.

எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. வீடு மணவாள நகரில். வேலை கும்மிடிப்பூண்டியில், குழாய் இணைப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அளவுகளைச் சரிபார்த்துப் பதிவு செய்வது என் பணி. அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் பெரியபாளையம் வரும்வரை தூங்கலாம். இதற்கு மேல் ஒரு வேலையும் எனக்கு இருந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒலிபெருக்கியில் வரும் பாதுகாப்பு அறிவிப்பு என் குரல்தான். தலைக்கவசம் அணியுங்கள், கையுறை அணியுங்கள், மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். ஒருமுறை பதிவு செய்து வைத்துவிட்டார்கள். நான் விடுப்பில் இருந்தாலும் என் குரல் மூன்று ஷிப்டும் வேலைக்கு வரும்.

"இன்னா மேடம், ஊட்லயும் சாருக்கு இப்டித்தான் அறிவிப்பு உடுவீங்களா?" என்று கேன்டீனில் கேலி செய்வார்கள்.

ஒருநாள் திருப்பாச்சூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி விரிவுரையாளர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து இயற்கை ஆர்வலர் குழு ஒன்று வைத்திருந்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஷிப்ட் மாறியது. என் அறிவிப்பு ஒலித்தது. அவர் பேச்சை நிறுத்தி, அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்து, "இது யாரு குரல்?" என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கினேன்.

அவர்கள் திட்டம் இதுதான். பழவேற்காடு பறவைகள் சரணாலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் பூநாரைகளைப் பார்க்கிறார்கள், வறுத்த மீன் சாப்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அந்த ஏரிக்கு என்ன ஆகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆனால் எல்லார் சட்டைப் பையிலும் இப்போது செல்போன் வந்துவிட்டது. ஆகவே கரையிலும் தண்ணீருக்குள்ளும் எண் போட்ட பலகைகள் நடுவது. பலகையில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, பலகையின் எண்ணை அழுத்தினால், அந்த இடத்தைப் பற்றி ஒரு குரல் சொல்லும். முதலில் பறவைகள். பிறகு மெதுவாக, பருவம் தப்பிப் பெய்யும் மழை, உயரும் கடல், அடைத்துக்கொள்ளும் முகத்துவாரம். முகத்துவாரம் என்றால் ஏரி கடலோடு கலக்கும் வாய்.

பருவநிலை மாற்றம் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலம் அது. "பயமுறுத்துற மாதிரி வேணாம். ஒரு கதை சொல்ற மாதிரி வேணும்" என்றார் விரிவுரையாளர்.

ஆடி மாதத்தில், திருப்பாச்சூரில் அவர் வீட்டு மாடி அறையில் பதிவு செய்தோம். ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்தேன். சிவன் கோயில் மணி அடிக்கத் தொடங்கினால் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்போம். மணி ஓய்ந்தபின் நான் கண்ணை மூடிக்கொள்வேன். எழுதிக் கொடுத்தது முழுவதும் மனப்பாடம் ஆகியிருந்தது. "இப்போது நீங்கள் நிற்கும் இடத்தில்..." என்று தொடங்கும்போது, மூடிய கண்ணுக்குள் சாம்பல் நிறத் தண்ணீர் விரியும். அதில் நீண்ட கால்கள் நடந்து போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுவரை நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்தவள், அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஏரிக்குப் போனதில்லை. ஆனால் வரைபடம் எனக்கு அத்துப்படி. எந்தப் பலகை எங்கே, அங்கே தண்ணீர் எவ்வளவு, எந்தப் பறவை, எல்லாம் தெரியும். பார்க்காத ஊரின் தெருக்கள் கனவில் சரியாக வருமே, அதுபோல அந்த ஏரி எனக்குள் இருந்தது.

பார்க்கப் போனது அந்தத் தை மாதத்தில்தான். உடன் வந்தவள் கணக்குப் பிரிவில் வேலை செய்த என் தோழி. கும்மிடிப்பூண்டியிலேயே பிறந்தவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். பழவேற்காட்டில் எங்களுக்காக ஒரு வியாபாரி காத்திருந்தார். இறாலும் கருவாடும் வாங்கி விற்கும் குடும்பம். கடையில் ரீசார்ஜ் கூப்பனும் வைத்திருந்தார். கரைப் பலகைகளை நட உதவியவர் அவர்தான். ஊரே அவரைப் பாய் என்று கூப்பிட்டது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்களைப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டியவர், தானும் ஏறிக்கொண்டார். "நம்ம போட்ட போர்டு, நம்ம மேடம் கொரலு. கூட வந்து கேக்காம எப்டி" என்றார்.

படகோட்டி இளவயதுக்காரர். ஏரியின் மேற்குக் கரையில் ஒரு கிராமம். வாரத்தில் ஆறு நாள் கும்மிடிப்பூண்டியில் ஒப்பந்தக் கூலியாக லாரியில் சரக்கு ஏற்றுகிறவர். ஞாயிறு மட்டும் அண்ணனுடைய படகை ஓட்டுவார். நான் பேசத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், நீங்க அந்த ஹெல்மெட் மேடம்தான? எங்க காம்பவுண்டு உங்களுக்கு அடுத்தது. உங்க கொரல கேட்டுக்கினேதான் லோடு ஏத்துறோம்."

"அப்போ ஹெல்மெட் போடுறீங்களா?"

"அது உங்க கம்பெனிக்கு சொல்றது மேடம்."

தோழி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

வெயில் வருமுன்னரே கிளம்பினோம். கண்ணுக்குள் பார்த்திருந்த ஏரியும் எதிரில் இருந்த ஏரியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி வருவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டாம் பலகை நான் சொன்ன இடத்தில் இருந்தது. மூன்றாம் பலகைக்குப் பக்கத்தில் கூழைக்கடாக்கள் மிதந்தன. பாய் ஒவ்வொரு பலகையிலும் தன் போனை எடுத்து எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தார். தண்ணீர்மேல் என் குரல் போயிற்று. அது என்னுடையது போலவே இல்லை. இந்த ஏரியில் வெகுகாலமாக வசிக்கும் யாரோ ஒரு நிதானமான பெண் பேசுவது போல இருந்தது.

"உன் மூஞ்ச விட உன் கொரலு நல்லா கீதுப்பா. நீ பேசாம போன்லயே குடியிரு" என்றாள் தோழி.

நான்காம் பலகையைத் தாண்டி பூநாரைகள் நின்றன. முதலில் அடிவானத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பிறகு அந்தக் கோடு அசைந்தது. படகோட்டி மோட்டாரை நிறுத்தினார். தோழிகூடப் பேசவில்லை. அவை தலையைக் கவிழ்த்து, தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி, ஒரே தாளத்தில் நகர்ந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவள் நான். அன்று கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

திரும்பும்போதுதான் பனி வந்தது. வந்தது என்பதுகூடச் சரியில்லை. ஏரி மெல்ல மூச்சு விட்டது போல, தண்ணீரிலிருந்தே எழுந்தது. முதலில் பூநாரைகள் மறைந்தன. பிறகு கரை. பிறகு படகின் முனையில் உட்கார்ந்திருந்த பாயின் வெள்ளைத் தொப்பி மட்டும் தெரிந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம். வலை கட்டும் கழிகளில் மோட்டார் சிக்கிவிடும் என்று படகோட்டி அதை நிறுத்தினார். நாங்கள் மிதந்தோம். எனக்குப் பயமே இல்லை. பஞ்சுக்குள் பொதிந்து வைத்த மாதிரி இதமாக இருந்தது.

அப்போது வலப்பக்கத்தில், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பலகை மெல்ல வெளிப்பட்டது. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டியிருந்தது. எண் ஐந்து.

எனக்கு வீட்டு வாசலைப் பார்த்தது போல இருந்தது. ஐந்தாம் பலகை மேற்குக் கரையை ஒட்டி நடப்பட்டது. திரும்பும் வழியில் அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஏற்பாடும். "கவலையே படாதீங்க. இது மேற்குக் கரை. இங்கே ஆழமே கிடையாது. பனி விலகுகிற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்" என்றேன்.

படகோட்டி மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் தெளியவில்லை. "தண்ணி இழுக்குது மேடம். எங்க கரையில இப்டி இழுக்காது."

"போர்டுல அஞ்சுன்னு கீதேப்பா" என்றார் பாய். சந்தேகத்தைத் தீர்ப்பதுபோலப் போனை எடுத்து, அழைத்து, ஐந்தை அழுத்தினார்.

என் குரல் வந்தது. பனிக்குள் அது இன்னும் மென்மையாக இருந்தது. இப்போது நீங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அதனால்தான் நீண்ட கால்களையுடைய நாரைகள் இங்கே நடந்தபடியே இரை தேடுகின்றன. கால் நனைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

அந்தக் கடைசி வரி எழுதிக் கொடுத்ததில் இல்லை. பதிவு செய்யும்போது, கண்ணை மூடிக்கொண்டு, நானாகச் சேர்த்தது. விரிவுரையாளர் அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

தோழி செருப்பைக் கழற்றினாள். "அப்போ நான் எறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கறேன். பனிக்குள்ள நிக்கிற மாதிரி. நைனா, படகப் புடிச்சுக்கோ" என்று படகோட்டியிடம் சொல்லிவிட்டு, கேமராவை என் கையில் கொடுத்தாள். விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை வெளியே போட்டாள். நான் கேமராவின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் குரல் கூழாங்கல் உருள்வது போல நாரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனது.

படகை அசையாமல் நிறுத்த, படகோட்டி நீண்ட கழியைத் தண்ணீருக்குள் ஊன்றினார். கழி இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. அவர் மணிக்கட்டு தண்ணீரைத் தொட்டது. கழி எதையும் தொடவில்லை.

"யம்மா, கால உள்ள எடு" என்றார். கத்தவில்லை. அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டதும் கேமராவைப் போட்டுவிட்டுத் தோழியின் இரண்டு கைகளையும் பிடித்தேன். அவள் உள்ளே சரிந்து என் மடியில் விழுந்தாள். நனைந்த காலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது வெதுவெதுப்பாக இல்லை. ஆழத் தண்ணீரின் குளிர்.

பாயின் கையில் என் குரல் நன்றி சொல்லி, வணக்கம் சொல்லி, ஓய்ந்தது. அதன்பின்தான் தண்ணீரின் ஓசை கேட்டது. மூங்கில்களை உரசிக்கொண்டு அது போய்க்கொண்டிருந்தது. நின்ற தண்ணீர் இல்லை அது. ஏதோ ஓர் இடத்துக்கு அவசரமாகப் போகிற தண்ணீர்.

படகோட்டி ஒரு கையால் மூங்கிலை அணைத்தபடி, "மோட்டார் போட்டா எந்தப் பக்கம் உடுறது பாய்? தப்பா உட்டா கடலுக்குப் போயிடுவோம்" என்றார். பாய் கொஞ்ச நேரம் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு போனில் ஓர் எண்ணைத் தேடினார். தனக்கு இறால் கொண்டுவந்து போடும் ஒரு மீனவப் பெண்ணின் செல்போன் எண். முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பம். இந்த நேரத்துக்கு அவர் கரையில் இருப்பார் என்று பாய்க்குத் தெரியும்.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. "இன்னா பாய் காலங்காத்தால. எறா இன்னும் கரைக்கு வரல."

"எறா கெடக்கட்டும்மா. ஏரில பனிக்குள்ள மாட்டிக்கினோம். ஒண்ணும் தெரில. ஒரு போர்டு மட்டும் தெரியுது. அஞ்சாம் நம்பர்."



"அஞ்சா? அய்ய, அது மொகத்துவாரத்து ஓரத்துல கீது பாய். தண்ணி வேற வத்திக்கினு கடல் பக்கம் ஓடுது. யாரும் எறங்கலியே?"

"இல்லம்மா."

"எறங்கிடாதீங்க. ஒரு பக்கம் மணலு, ஒரு பக்கம் பாதாளம். நம்பரு உங்களப் பாத்துக்கினு கீதா, முதுகு காட்டினு கீதா?"

"எங்களத்தான் பாக்குது."

"அப்போ பயமில்ல. அத்த எங்க ஊரப் பாத்துதான் கட்டிக்கீறோம். நம்பருக்கு முதுகு காட்டினு நேரா வா. திரும்பாத. கழி தரையத் தொட்டதும் மோட்டார நிறுத்திடு. நாங்க தட்டு தட்டுறோம், சத்தம் கேட்டு வா."

படகோட்டி மோட்டாரை இயக்கினார். மூங்கிலை விட்டார். நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து அந்தப் பலகையையே பார்த்தேன். ஐந்து என்ற எண் நேராகத் தெரிகிறதா, சாய்ந்து தெரிகிறதா என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை. நேரா இருக்கு, நேரா இருக்கு, இப்போ கொஞ்சம் இடது பக்கம் சாயுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்களை ஓரமாகத் தள்ளப் பார்த்தது. படகோட்டி என் சொல்லுக்கேற்ப முனையைத் திருப்பினார். பலகை சிறிதாகிக்கொண்டே போய் வெள்ளைக்குள் கரைந்தது. அதன்பின் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

தோழி என் கையை விடவே இல்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

கொஞ்ச தூரம் போய் படகோட்டி மீண்டும் கழியை ஊன்றினார். டக் என்று ஒரு மெல்லிய அதிர்வு. மணல். அவர் மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதியில் நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். திருப்பாச்சூரில் கோயில் மணி ஓயட்டும் என்று காத்திருந்த அதே அமைதி. ஆனால் இப்போது ஒரு சத்தம் வரட்டும் என்று காத்திருந்தோம்.

வந்தது. எங்கோ தொலைவில், எவர்சில்வர் தட்டில் கரண்டி படுகிற சத்தம். ஒன்று. பிறகு இரண்டு மூன்று தட்டுகள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது போல. வெள்ளையான அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு வீடு இருக்கிறது, சமையலறை இருக்கிறது என்று அந்தச் சத்தம் சொன்னது. கழியை ஊன்றி ஊன்றி அதை நோக்கிப் போனோம். முதலில் வலைக்கழிகள் வந்தன. அப்புறம் புடவைகளின் நிறங்கள். மஞ்சள், பச்சை, ஒரு சிவப்பு. அப்புறம் முகங்கள்.

கரையில் இறங்கியதும் தோழி மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ டம்ளரில் சூடாகக் கடுங்காப்பி கொடுத்தார்கள். போனில் பேசிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் செருகிய புடவை, கையில் இன்னும் அந்தத் தட்டு. நான் அவரிடம் நன்றி சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தார்.

"இன்னொரு வாட்டி பேசு."

"என்னங்க?"

"நீயா? யக்கா, நீதான அந்த போன்ல பேசுறவ? அந்த அஞ்சாம் நம்பரு?"

ஆமாம் என்றேன்.

"நல்லா கீது நாயம். நான் உனக்கு போன் பண்ணி சொன்னேனா இல்லியா, போர்ட மாத்தி நட்டுட்டோம்னு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சுற்றியிருந்த பெண்களைப் பார்த்து, ஒரு வழக்கை எடுத்து வைப்பது போலச் சொன்னார்.

"கார்த்திகையில புயல் அடிச்சிதா, மொகத்துவாரம் எடம் மாறிப்போச்சு. மீனு போற வழியும் மாறிச்சு. அப்போ எங்க பாடும் மாறணும்ல?"

பாடு என்பது அந்த ஏரியின் மீனவர்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் முறை. இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று குலுக்கிப் போட்டுத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். மேற்குக் கரையை ஒட்டிக் குழுவினர் பலகை நட்டபோது அது யாருடைய பாடும் இல்லாத வெறும் தண்ணீர். புயலுக்குப் பிறகு மீன் அந்த வழியாகப் போகத் தொடங்கியது. பலகை ஒருவர் வலை கட்டும் இடத்தின் நடுவில் நின்றது.

"புடுங்கிப் போட மனசு வரல. உங்க பொருளு, எதோ நல்லதுக்குதான் நட்டிருப்பீங்க. யாரு பாடும் இல்லாத எடமாப் பாத்து மொகத்துவாரத்து ஓரமா கட்டினோம். சொல்லாம மாத்துனா தப்பில்லியா? அதான் அதுல எழுதியிருந்த நம்பருக்கு போன் போட்டேன். போர்டு நம்பர அமுக்குன்னு சொல்லிச்சு, அமுக்கினேன். நீதான் எடுத்த. யக்கா, போர்ட மாத்திக்கினோம், தண்ணி ஓட்டம் மாறிப்போச்சு, வர்றவங்கள பாத்து வரச் சொல்லுன்னு நான் சொல்லச் சொல்ல, நீ பாட்டுக்கு நாரை கொக்குன்னு பேசிக்கினே கீற. செரி, படிச்சவங்க, பேசிக்கினே கேக்கறாங்க போலன்னு உட்டுட்டேன்."

"அக்கா, அது ரெக்கார்டு..." என்று படகோட்டி தொடங்கினார்.

"இரு தம்பி. கடைசில இன்னா சொன்ன நீ? நன்றி, வணக்கம்னு சொன்னியா இல்லியா? கேக்காமலா நன்றி சொல்லுவாங்க?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மணலில் உட்கார்ந்திருந்த தோழிக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "நல்லாக் கேளுங்க. எங்க கிட்டயும் இவ இப்டித்தான்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்.

அது பதிவு செய்த குரல், நான் அங்கே இல்லை என்று விளக்கியிருக்கலாம். அவருக்கும் பிறகு அது தெரியத்தான் போகிறது. ஆனால் விளக்கவில்லை. பருவம் தப்புகிறது, முகத்துவாரம் மாறுகிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லத்தான் நாங்கள் அந்தப் பலகையை நட்டோம். அதே செய்தியை அதே எண்ணில், அதே நேரத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று போயிருக்கின்றன.

"இப்போ சொல்லுங்க. முதல்லருந்து சொல்லுங்க" என்றேன். அவர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பனி விலகி, கலங்கரை விளக்கம் தெரிந்து, வெயில் முதுகில் ஏறும்வரை சொன்னார். எந்தக் காற்றுக்கு எந்த மீன், எந்த மாதத்தில் எது வராமல் போயிற்று, வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எப்படிக் கரிக்கும். எனக்குப் பாதி புரியவில்லை. இடையில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிரவு என் டைரியில் ஒரே ஒரு வரிதான் எழுத முடிந்தது. ஏரியைப் பார்த்தேன்.

விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த மாதமே பதிவுகள் மாறின. ஐந்தாம் எண்ணில் என் குரல் போய், அந்தப் பெண்ணின் குரல் வந்தது. போர்வை தொங்கவிடாமல், குப்பத்தின் காற்றோடும் நாய்க் குரைப்போடும் பதிவானது. தண்ணீர் முழங்கால் அளவு என்ற வரி இல்லை. "எறங்கறதுக்கு முன்னால கரையில கீறவங்கள ஒரு வார்த்த கேளு" என்ற வரி இருந்தது. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் நன்றி வணக்கத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரு சிறிய ஓசை. அதன்பின் கேட்பவர் பேசலாம். பேசுவது பதிவாகும். வாரக் கடைசியில் அவற்றைக் கேட்டு எழுதி வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் அந்தப் பதிவுகளைத் திறந்தபோது ஒரே ஒரு செய்திதான் இருந்தது. காற்றின் இரைச்சல். தட்டு ஒன்றை யாரோ கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒரு கேள்வி.

"யக்கா, இப்போ கேக்குதா?"

அந்தத் தொலைபேசி எண் இப்போது இல்லை. மூங்கில்கள் எந்த மழையிலோ போய்விட்டன. தோழி ஓய்வு பெற்று கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறாள், இன்னும் வாய் மூடவில்லை. நான் அறிவிப்புகள் படிப்பதை விட்டுவிட்டேன். ஆனால் யாருக்காவது எதையாவது சொல்லி முடிக்கும்போதெல்லாம் அந்தப் பனிக்குள்ளிருந்து அந்தக் கேள்வி எனக்கு வருகிறது. அதற்குப் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருக்கிறேன்.